கேமரா தருகிறீர்களா, சார்ஜரையும் தேடி எடுங்கள்: வாசகர் கேள்வி பதில்

வீட்டில் சும்மா கிடக்கும் கேமராவை, வாங்க வசதியில்லாத இளம்பெண்களுக்குக் கொடுத்தால் அவர்கள் அதை வைத்து ஒரு தொழிலுக்குள் நுழைய முடியும் என்று போன இதழில் எழுதியிருந்தேன். நாங்கள் நாலைந்து போட்டோகிராபர்கள் சேர்ந்து சனிக்கிழமைகளில் பெரும்பாக்கத்தில் ஒரு வகுப்பு எடுக்கிறோம், அந்தப் பெண்களுக்காகக் கேட்டதுதான். நினைத்ததைவிட நிறையக் கடிதங்கள் வந்துவிட்டன. பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டிருப்பதால் ஊர் மட்டும் போடுகிறேன்.

என் மகன் கல்லூரி நாட்களில் வாங்கிய கேனான் 600டி பீரோவில் இருக்கிறது. அவன் கனடா போய் ஏழு வருடம் ஆகிறது. இவ்வளவு பழைய கேமரா இனிமேல் யாருக்காவது உபயோகப்படுமா? (வாசகி, மயிலாப்பூர்)

நன்றாகவே உபயோகப்படும். 600டி 2011ல் வந்தது, 18 மெகாபிக்சல். இன்றைக்குக் கடையில் இருப்பதோடு ஒப்பிட்டால் குறைவாகத் தெரியலாம், ஆனால் நம் ஊர்க் கல்யாண ஆல்பத்தின் ஒரு பக்கம் 12க்கு 18 அங்குலம், அந்தப் பக்கம் முழுக்க ஒரே படத்தைப் போட்டாலும் இந்தக் கேமராவில் அங்குலத்துக்கு 288 புள்ளிகள் கிடைக்கின்றன. பிரிண்டுக்கு அது தாராளம். அதனால் பழசு என்று தயங்க வேண்டாம்.

முதல் வேலையாகக் கேமராவைப் பையிலிருந்து வெளியே எடுங்கள். சென்னைக் காற்றில் எப்போதும் ஈரம்தான், பையின் பஞ்சு அந்த ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், அதோடு இருட்டும் சேர்ந்தால் லென்ஸுக்குள் ஃபங்கஸ் பிடித்துவிடும். லென்ஸைக் கழற்றி, விளக்கை அணைத்துவிட்டு, ஒரு பக்கம் செல்போன் டார்ச்சை அடித்து மறுபக்கத்திலிருந்து கொஞ்சம் சாய்வாகப் பாருங்கள். நாலைந்து தூசிப் புள்ளிகள் தெரிந்தால் கவலை இல்லை. சிலந்தி வலை மாதிரி மெல்லிய வெள்ளை நூல்கள் கிளைவிட்டிருந்தால் அதுதான் ஃபங்கஸ். போன மாதம் எங்களிடம் வந்த, கேமராவோடு சேர்ந்தே வரும் ஒரு 18-55 லென்ஸில் அது ஓரத்தில் தொடங்கி, மழைக்காலத்தில் மொட்டைமாடிச் சுவரில் பாசி ஏறுவது போல நடுக்கண்ணாடி வரைக்கும் ஏறியிருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் புது லென்ஸ். ஆரம்பநிலை என்றால் ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் சர்வீஸ் செய்கிறவர்கள் பிரித்துத் துடைத்துத் தருவார்கள், கண்ணாடியின் பூச்சையே அரித்திருந்தால் அந்த லென்ஸை விட்டுவிட வேண்டியதுதான். எதற்கும் அதை நல்ல லென்ஸோடு ஒரே டப்பாவில் போட்டு அனுப்பாதீர்கள்.

அப்புறம் சார்ஜர். இதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். எங்களுக்கு வந்த கேமராக்களில் பாதிக்கு மேல் சார்ஜர் இல்லாமல்தான் வந்தன. உங்கள் மாடலுக்கு எல்பி-ஈ8 என்ற பேட்டரி, அதன் சார்ஜர் மற்ற மாடல் பேட்டரிக்குப் பொருந்தாது. நாங்கள் ஒவ்வொன்றுக்கும் தேடி அலைந்து வாங்குவதற்குள் அந்தப் பெண்ணுக்கு ஒரு மாத வகுப்பு போய்விடுகிறது. மேஜை டிராயர், டிவி ஸ்டாண்டு, பழைய செல்போன் சார்ஜர்கள் கிடக்கும் டப்பா எல்லாவற்றிலும் ஒருமுறை தேடுங்கள், மகனுக்கும் போன் போட்டுக் கேளுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் அனுப்ப வேண்டாம், சார்ஜ் போட்டும் பார்க்க வேண்டாம், இ-வேஸ்ட் எடுப்பவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.

மெமரி கார்டில் மகனின் படங்கள் இருக்கும். முதலில் காப்பி எடுத்துக்கொள்ளுங்கள். டெலிட் செய்துவிட்டோம் என்று நினைத்துக் கொடுக்கும் கார்டிலிருந்து படங்களைத் திரும்ப எடுக்க சாஃப்ட்வேர் இருக்கிறது, அதனால் மனதில் சின்ன சந்தேகம் இருந்தாலும் கார்டை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், வேறு கார்டு நாங்கள் போட்டுக்கொள்கிறோம். ஷட்டர் எத்தனை முறை அடித்திருக்கிறது என்பதையும் நாங்களே பார்த்துவிடுவோம். இந்த வகைக் கேமராக்கள் சுமார் ஒரு லட்சம் கிளிக் தாங்கும் என்பது பொதுவான கணக்கு, கல்லூரி மாணவர் எடுத்தது அதில் கால்வாசிகூட இருக்காது.

2015 வெள்ளத்தில் எங்கள் வீட்டுக் கீழ்த்தளம் மூழ்கியபோது நனைந்த கேமரா. காயவைத்தோம், ஆன் ஆகிறது. தரலாமா? (வாசகர், வேளச்சேரி)

வேண்டாம் சார். வெள்ளத் தண்ணீர் வெறும் தண்ணீர் இல்லை, சேறும் சாக்கடையும் உப்பும் கலந்தது, அது சர்க்யூட்டுக்குள் உட்கார்ந்து மெதுவாக அரித்துக்கொண்டே இருக்கும். இன்றைக்கு ஆன் ஆகும், ஒரு பெண் இதை நம்பி மண்டபத்துக்குப் போய் தாலி கட்டும் நேரத்தில் நின்றுவிட்டால் அவளுக்கு அந்தத் தெருவிலேயே அடுத்த வேலை கிடைக்காது. ஸ்ட்ராப், பை, ஃபில்டர் எதாவது நல்ல நிலையில் இருந்தால் அவற்றை மட்டும் அனுப்புங்கள்.

இப்போது எல்லாமே செல்போனில்தான். பழைய கேமராவைக் கொடுப்பதற்குப் பதிலாக நல்ல போன் ஒன்று வாங்கித் தருவது நல்லதில்லையா? (வாசகர், அண்ணா நகர்)

இதே கேள்வியை எங்களுக்குள்ளேயே நிறையப் பேசியிருக்கிறோம். போனில் நல்ல படம் வராது என்று நான் சொல்ல மாட்டேன், பகல் வெளிச்சத்தில் வருகிறது. ஆனால் மண்டப மேடையில் ஐம்பது பேருக்குப் பின்னால் நின்று, எதிரில் வீடியோ லைட் அடிக்கும்போது மணப்பெண் கண் கலங்குவதை எடுக்க ஜூம் லென்ஸும் தனி ஃபிளாஷும் வேண்டும். காலையிலிருந்து இரவு வரை ஓட இரண்டு பேட்டரி மாற்றிப் போட வேண்டும். கையில் கேமரா இல்லாத ஆளை எந்தக் கல்யாண வீட்டுக்காரரும் போட்டோகிராபர் என்று முன்னால் விட மாட்டார், அதுதான் நிலவரம்.

இன்னொரு காரணம் எனக்கு வகுப்பு எடுக்க ஆரம்பித்த பிறகுதான் புரிந்தது. அந்த வீடுகளில் போன் ஒருவருடையதாக இருப்பதில்லை. ராத்திரி தம்பி கேம் விளையாடுவான், அப்பா டியூட்டிக்கு எடுத்துப் போவார், பாட்டிக்கு ஆஸ்பத்திரி என்றால் அதுவும் கூடப் போகும். ஒரு பெண் ஒரு வாரம் முழுக்கக் காசிமேட்டு மீன் ஏலத்தைப் பிடித்த படங்களை, சேமிக்க இடம் போதவில்லை என்று அண்ணன் ஒரே நொடியில் அழித்துவிட்டான். கேமரா அப்படி இல்லை. அதை அவளைத் தவிர வீட்டில் யாரும் தொடுவதில்லை, தொட்டாலும் அவளைக் கேட்டுத்தான் தொடுகிறார்கள். அவள் பெயரில் அந்த வீட்டில் இருக்கும் ஒரே பொருள் பல நேரம் அதுதான்.

நீங்கள் காசு செலவழிக்கத் தயாராக இருந்தால், போனுக்குப் பதில் ஒரு ஃபிளாஷ் வாங்கிக் கொடுங்கள். பழைய கேமராக்களில் ஐஎஸ்ஓ (வெளிச்சம் குறைந்தால் நாம் கூட்டும் அளவு) 1600ஐத் தாண்டினால் படம் மணல்மணலாக ஆகிவிடும், ஒரு ஃபிளாஷைக் கூரைப் பக்கம் திருப்பி அடித்தால் அந்தக் குறை முக்கால்வாசி தெரியாது.

கேமரா கொடுத்தால் அதை விற்றுவிட மாட்டார்கள் என்று என்ன நிச்சயம்? ஒரு வருடம் கழித்துத் திரும்ப வாங்குவது போல எழுதி வாங்கிக்கொள்ளலாமா? (வாசகர், அடையாறு)

எழுதி வாங்க வேண்டாம் என்பதுதான் என் கருத்து. இரவல் கேமராவை வைத்து யாரும் தொழில் செய்ய முடியாது. இது என்னுடையது இல்லை என்ற பயத்திலேயே மழைத்தூறலில் எடுக்க மாட்டார்கள், கூட்டத்துக்குள் போக மாட்டார்கள், கீறல் விழுந்துவிடும் என்று பையிலேயே வைத்திருப்பார்கள். ஆரம்பத்தில் நாங்களும் வகுப்பு முடிந்ததும் கேமராக்களை வாங்கிப் பூட்டி வைத்துக்கொண்டிருந்தோம். நாலு மாதம் அப்படி நடந்தது. சனிக்கிழமை கற்றுக்கொடுத்தது அடுத்த சனிக்கிழமை யாருக்கும் ஞாபகம் இருக்காது. வீட்டுக்கு எடுத்துப் போங்கள் என்று சொன்ன முதல் வாரம் ஒரு பெண் ஸ்ட்ராப்பைக் கழுத்திலும் மாட்டி, மிச்சத்தை மணிக்கட்டிலும் இரண்டு சுற்று சுற்றிக்கொண்டு பஸ் ஏறினாள். அடுத்த வாரம் கார்டில் 640 படங்கள் இருந்தன. பெரும்பாலும் அவளுடைய அம்மா இட்லிக்கடை போடும் படங்கள், விடியற்காலை நாலரை மணிக்கு அடுப்புப் புகைக்குள் எடுத்தவை. ஷட்டர் ஸ்பீடு என்றால் என்ன என்று நான் அதற்கப்புறம் அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அடகு வைத்திருக்கிறார்களா என்றால், ஆமாம், ஒருத்தி வீட்டு வாடகைக்கு வைத்தாள், தை முகூர்த்தங்களுக்கு முன்னால் மீட்டும்விட்டாள். நம் வீட்டு நகையும் அப்படித்தானே போய் வருகிறது. அதற்காக அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இன்னொரு வேண்டுகோள். கேமராவைக் கையில் கொடுக்கும்போது பக்கத்தில் நின்று படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். நாளைக்கு அவர்கள் உங்கள் உறவினர் கல்யாணத்துக்கே போட்டோகிராபராக வரலாம், அங்கே தானம் வாங்கிய பெண்ணாக யாரும் அவர்களைப் பார்க்க வேண்டாம்.

என் மகளுக்கு 19 வயது. உங்களைப் போன்றவர்கள் நடத்திய ஒரு பயிற்சிக்குப் போய்விட்டு கல்யாண வேலைக்குப் போகிறேன் என்கிறாள். ராத்திரி பதினோரு மணிக்கு வரும் வேலை பெண்பிள்ளைக்கு எதற்கு என்று சொந்தக்காரர்கள் பேசுகிறார்கள். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. (ஒரு தாய், கண்ணகி நகர்)

உங்கள் பயம் நியாயமானது அக்கா, அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. சொந்தக்காரர்கள் பேச்சை மட்டும் தள்ளி வையுங்கள். 1892லேயே ஹைதராபாத்தில் ராஜா தீன்தயாள் என்ற புகைப்படக்காரர் பெண்களைப் படமெடுக்கத் தனி ஸ்டுடியோ வைத்து அதைப் பெண் பொறுப்பில் விட்டார். ஹோமாய் வியாரவாலா 1913ல் பிறந்தவர், நம் நாட்டின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் என்று சொல்லப்படுபவர், புடவை கட்டிக்கொண்டு கனமான கேமராவைத் தோளில் சுமந்து டெல்லியில் நேரு காலத்துத் தலைவர்களையெல்லாம் எடுத்தார், 2011ல் பத்ம விபூஷண் கொடுத்தார்கள். சென்னையிலேயே பி.ஆர். விஜயலட்சுமி 1985ல் சினிமாவுக்கு ஒளிப்பதிவாளர் ஆகிவிட்டார். உங்கள் மகள் புதிதாக எதையும் உடைத்துக்கொண்டு போகவில்லை.

இப்போது ராத்திரி விஷயம். வேலை ஒப்புக்கொள்ளும்போதே வீட்டில் கொண்டுவந்து விடுவது யார் பொறுப்பு என்று கேட்டுவிட வேண்டும். பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து சாதாரண கட்டணப் பஸ்ஸில் டிக்கெட்டுக்குக் காசு இல்லை, போவதற்கு அது போதும், வரவேற்பு முடிந்து திரும்பும் நேரத்துக்கு அந்தப் பஸ் கிடைக்காது. வண்டிச் செலவு சம்பளத்தில் கழிக்கப்படுமா தனியா என்பதை வாய்வார்த்தையாக இல்லாமல் மெசேஜில் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். முதல் ஆறு மாதம் தனியாக அனுப்ப வேண்டாம், கூட இன்னொரு பெண் இருக்கும் டீமோடு மட்டும் போகட்டும். மண்டபத்தின் பெயர், டீம் தலைவர் நம்பர் இரண்டும் உங்களிடம் இருக்கட்டும்.

பணத்தில்தான் நான் அதிகம் கவனமாக இருக்கச் சொல்வேன். எங்கள் மாணவி ஒருத்தி ஒரு ஸ்டுடியோவுக்கு ஆவணி மாதம் முழுக்க வேலை செய்தாள், ஆல்பம் டெலிவரி ஆனதும் தருகிறேன், கஸ்டமர் இன்னும் செட்டில் பண்ணவில்லை என்றே கார்த்திகை வரை இழுத்தார்கள். கடைசியில் பாதிதான் வந்தது. அவள் எடுத்த படங்கள் வேறொருவர் பெயரில் ஓடிக்கொண்டிருந்தன. ஹோமாயின் ஆரம்பகாலப் படங்களும் கணவர் பெயரில்தான் வெளிவந்தன, அப்போது ஹோமாயை யாருக்கும் தெரியாது, அதோடு அவர் ஒரு பெண். இத்தனை வருடம் கழித்தும் அதே நிலைமை என்றால் எனக்குக் கோபம் வருகிறது. அன்றன்றைய கூலி அன்றன்றைக்கு, டேட்டா காப்பி கொடுக்கும்போதே கையில் வாங்கிவிட வேண்டும் என்று மகளிடம் சொல்லுங்கள்.

எல்லா வேலையும் ராத்திரி வேலை இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். வளைகாப்பு, காதுகுத்து, மஞ்சள் நீராட்டு எல்லாம் பெரும்பாலும் பகலில் முடிந்துவிடும். பிறந்த குழந்தையை எடுப்பதற்கும், முஸ்லிம் வீட்டுக் கல்யாணங்களில் பெண்கள் பக்கத்தை எடுப்பதற்கும் பெண் போட்டோகிராபர்தான் வேண்டும் என்று கேட்கிறார்கள், ஆள் கிடைக்காமல் திண்டாடுகிறார்கள். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லாததால் வருமானம் நின்றுவிடும், அதற்காகக் கொஞ்சம் எடுத்து வைக்கப் பழகட்டும். மார்கழியில் சபாக்களில் நடன நிகழ்ச்சிகள் நிறைய இருக்கும், அந்தப் பக்கமும் முயற்சி செய்யலாம்.

கேமரா கொடுத்தால் 80ஜி வரிவிலக்கு கிடைக்குமா? (வாசகர், தி.நகர்)

கிடைக்காது. அந்தச் சலுகை பணமாகக் கொடுக்கும் நன்கொடைக்குத்தான், பொருளுக்கு இல்லை. பணம் கொடுத்தாலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கணக்கில் சேராது.

கல்லூரி அக்கா ஒருவர் தன் நிக்கான் டி3100ஐ எனக்குக் கொடுத்தார். வேறொருவர் 50எம்எம் லென்ஸ் தந்தார், ஆனால் மாட்டினால் ஃபோகஸ் ஆகவே மாட்டேன் என்கிறது. கெட்டுப்போன லென்ஸா? என்னிடம் கம்ப்யூட்டரும் இல்லை. இதை வைத்து எப்படிச் சம்பாதிக்க ஆரம்பிப்பது? (மாணவி, வியாசர்பாடி)

லென்ஸ் நன்றாகத்தான் இருக்கும். அதன் மேல் ஏஎஃப்-எஸ் என்று எழுதியிருக்கிறதா வெறும் ஏஎஃப் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். பழைய ஏஎஃப் லென்ஸ்களுக்குள் மோட்டார் கிடையாது, கேமரா பாடியில் இருக்கும் மோட்டார்தான் அதைத் திருப்ப வேண்டும், உங்கள் டி3100ல் அந்த மோட்டார் இல்லை. கையால் வளையத்தைத் திருப்பி ஃபோகஸ் செய்யுங்கள். கண் வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டருக்குள் கீழே ஒரு சின்னப் புள்ளி எரியும், அது நிலையாக எரிந்தால் ஃபோகஸ் சரியாக விழுந்துவிட்டது என்று அர்த்தம். லென்ஸில் அபர்ச்சர் வளையம் (வெளிச்சம் நுழையும் துளையை மாற்றும் வளையம்) இருந்தால் அதை இருப்பதிலேயே பெரிய எண்ணில், பெரும்பாலும் 22ல், வைத்துப் பூட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் கேமரா படமே எடுக்காது. (லென்ஸ் கொடுப்பவர்களும் இதைக் கவனித்துக் கொடுங்கள், பாவம், இந்தப் பெண் போல எத்தனை பேர் கெட்டுப்போன லென்ஸ் என்று நினைத்து மூலையில் வைத்தார்களோ.)

சம்பாதிக்க முதல் இடம் உங்கள் தெருவேதான். ஆரி வேலை ப்ளவுஸ் தைப்பவர்கள், வீட்டிலிருந்தே புடவை விற்பவர்கள், மகளிர் குழுவில் ஊறுகாயும் மசாலாப் பொடியும் போடுபவர்கள், எல்லோரும் வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும்தான் விற்கிறார்கள், டியூப்லைட் வெளிச்சத்தில் மஞ்சளும் நீலமுமாக எடுத்த படங்களை வைத்துக்கொண்டு. ஜன்னல் பக்கம் ஒரு மேஜை, அதன் மேல் சுவரிலிருந்து வளைந்து இறங்கும் ஒரு வெள்ளைச் சார்ட் பேப்பர், ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் ஒரு தெர்மகோல் அட்டை, இவ்வளவுதான் ஸ்டுடியோ. காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை, வெயில் நேராக உள்ளே விழாத ஜன்னலாகப் பாருங்கள். டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள், இரண்டு வெளிச்சம் கலந்தால் பட்டின் நிறம் மாறிவிடும், நிறம் மாறினால் வாங்கியவர் திருப்பி அனுப்புவார். அந்த 50எம்எம் இதற்குப் பிரமாதமான லென்ஸ், பொருள் அசையாது, நிதானமாகக் கையால் ஃபோகஸ் செய்யலாம்.

முதல் இரண்டு பேருக்கு வேண்டுமானால் இலவசமாகச் செய்யுங்கள், மூன்றாவது ஆளிடம் காசு கேளுங்கள். படத்துக்கு இவ்வளவு என்று சொல்லுங்கள், பாதியை முன்பணமாக வாங்குங்கள். கம்ப்யூட்டர் இல்லாத வரை, அப்படியே அனுப்பக்கூடிய ஜேபெக் வடிவத்திலேயே எடுங்கள், எடுக்கும்போதே வெளிச்சத்தைச் சரியாக வைத்துவிட்டால் எடிட்டிங்குக்குப் பெரிதாக ஒன்றும் மிச்சம் இருக்காது. பிறகு கல்லூரி லேப்பில் இடம் கிடைத்தால் டார்க்டேபிள் என்ற சாஃப்ட்வேர் இலவசம்தான், அதில் பழகுங்கள். நேரம் கிடைக்கும்போது நல்ல படங்களைப் பார்த்துக்கொண்டே இருங்கள், எழும்பூர் கன்னிமாரா நூலகம் உங்களுக்குப் பஸ்ஸில் அரைமணி நேரம், 2016ல் தொடங்கிய சென்னை போட்டோ பியனாலே நடக்கும் சமயங்களில் கண்காட்சிகளுக்குப் போய் வாருங்கள். எடுத்த புடவைப் படங்களில் பத்தை எங்களுக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

என் கணவர் இறந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. அவருடைய பழைய ஃபிலிம் கேமரா இருக்கிறது. யாராவது ஏழைப் பெண் பிழைத்துக்கொள்ளட்டும் என்று கொடுக்க நினைக்கிறேன். உள்ளே ரோல் இருக்கிறது போலிருக்கிறது, கவுண்டர் 22 காட்டுகிறது. (வாசகி, திருவல்லிக்கேணி)

அம்மா, மூடியைத் திறந்துவிடாதீர்கள். வெளிச்சம் பட்டால் உள்ளே இருப்பது போய்விடும்.

கேமராவின் அடியில் ஒரு சின்ன பட்டன் இருக்கும், அதை அழுத்துங்கள். மேலே இடது பக்கம் மடங்கிக் கிடக்கும் கைப்பிடியை விரித்து, அம்புக்குறி காட்டும் பக்கமாக மெதுவாகச் சுற்றுங்கள். கொஞ்சம் இறுக்கமாகத்தான் வரும், அவசரப்பட்டு இழுக்காதீர்கள், பழைய ஃபிலிம் ஒடிந்துவிடும். சுற்றிக்கொண்டே இருந்தால் ஒரு இடத்தில் சட்டென்று லேசாகிவிடும். அப்போது ரோல் முழுக்க அதன் டப்பாவுக்குள் போய்விட்டது. அதற்கப்புறம் திறக்கலாம். பயமாக இருந்தால் அப்படியே வைத்திருங்கள், நானே வீட்டுக்கு வந்து எடுத்துத் தருகிறேன்.

கேமராவை இப்போது கொடுக்க வேண்டாம். ஒவ்வொரு ரோலுக்கும் வாங்கவும் கழுவவும் ஆகும் செலவை எங்கள் பெண்களால் தாங்க முடியாது, அவர்களுக்குப் பிழைப்புக்கு டிஜிட்டல்தான் வேண்டும். ஆனால் ஃபிலிம் கழுவித் தருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த 22 படங்களில் எத்தனை தேறும் என்று சொல்ல முடியாது, நிறம் வெளுத்திருக்கலாம், சிலவற்றில் ஒன்றும் இல்லாமலும் போகலாம். முதலில் அவற்றைக் கழுவிப் பார்த்துவிடலாம்.